கொம்பு ஏன் தனியாக நிற்கிறது?

“ஃபாண்ட் உடைஞ்சிருச்சு சார்.” டிடிபி கடை, பதிப்பகம், விளம்பர நிறுவனம், செயலி தயாரிக்கும் கம்பெனி என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இந்த வாக்கியம் காதில் விழும். வாடிக்கையாளருக்கு அதற்குமேல் விளக்கத் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டம் கட்டமாக வருகிறதா? ஆங்கில எழுத்துகள் கண்டபடி வருகின்றனவா? கொம்பு தனியாக நிற்கிறதா? புள்ளி வெட்டுப்படுகிறதா? நான்கும் நான்கு நோய்கள். மென்பொருளை அழித்து மறுபடி நிறுவி, கணினியை அணைத்துப் போட்டு அரை நாளைத் தொலைக்கிறவரும் இருக்கிறார். போனிலேயே இரண்டு கேள்வி கேட்டுப் பத்து நிமிடத்தில் முடிக்கிறவரும் இருக்கிறார். இருவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் இருபது கலைச்சொற்கள்தான்.

அவற்றை அகராதி வரிசையில் தரப்போவதில்லை. புகார் வரும் வரிசையிலேயே பார்ப்போம்.

மூன்று எழுத்து, ஆறு எண், ஐந்து படம்

‘கொக்கு’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் மூன்று எழுத்து: கொ, க், கு. யூனிகோடு முறையில் கணினி சேமித்து வைப்பது ஆறு எண்களை. க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. இந்த எண் பெற்ற அலகுக்குக் கேரக்டர் என்று பெயர். தமிழில் குறியுரு என்கிறார்கள். திரையில் நீங்கள் பார்ப்பதோ ஐந்து படங்கள்: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், க், கு. இந்தப் படம் ஒவ்வொன்றும் ஒரு கிளிஃப். புள்ளியைத் தனிப் படமாக வைத்திருக்கும் எழுத்துருவில் இதே சொல் ஆறு கிளிஃப் ஆகும்.

எழுத்து, கேரக்டர், கிளிஃப் மூன்றும் வேறு வேறு என்பது மனத்தில் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. எழுத்துரு என்பது இந்தப் படங்களும், எந்த எண்ணுக்கு எந்தப் படம் என்ற அட்டவணையும், எந்தச் சூழலில் படம் எப்படி மாறும் என்ற விதிகளும் அடங்கிய ஒரு கோப்பு. ஓர் எழுத்துருக் கோப்பில் அதிகபட்சம் 65,535 கிளிஃப் வரை வைக்கலாம். தமிழுக்கு அவ்வளவு தேவையில்லை. சீனத்துக்கு அதுவே போதுவதில்லை.

முதல் புகாருக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. கட்டம் வந்தால் எண் இருக்கிறது, அதற்கான படம் அந்த எழுத்துருவில் இல்லை. அந்தக் கட்டத்தையும் எழுத்துரு வடிவமைப்பாளர்தான் வரைந்து வைக்கிறார். எழுத்துருத் துறையில் அதற்குச் செல்லப் பெயர் டோஃபு, சோயாக்கட்டி. கட்டமே வராத எழுத்துருக் குடும்பம் வேண்டும் என்றுதான் கூகுள் தன் முயற்சிக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. நம் ஊர் உதாரணம் ரூபாய்க் குறி. 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ₹ குறி, அதே ஆண்டு யூனிகோடின் 6.0 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அது இருக்க வழியில்லை. விலைப்பட்டியலில் மட்டும் கட்டம் வருகிறது என்றால் எழுத்துருவின் வயதைப் பாருங்கள். அந்தக் குறியை வரைந்த டி. உதயகுமார், ஐஐடி பம்பாயில் ஆய்வு செய்ததே தமிழ் எழுத்துருவியல் பற்றித்தான்.

சில மென்பொருள்கள் கட்டம் காட்டாமல், கையிருப்பில் உள்ள வேறோர் எழுத்துருவிலிருந்து படத்தைக் கடன் வாங்கிக் காட்டும். ஃபால்பேக் என்பது அதுதான். ஒரே வரியில் ஓர் எழுத்து மட்டும் தடித்தோ மெலிந்தோ தெரிந்தால் அங்கே கடன் நடந்திருக்கிறது.

பாமினியில் தமிழ் இல்லை

இரண்டாவது புகார்தான் தமிழ்நாட்டு அச்சுலகத்தில் அதிகம் பணம் தின்பது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்ற எண்ணுக்கு உரிய இடத்தில் த-வின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. பாமினி இல்லாத கணினியில் முகமூடி கழன்று ஜே வெளியே வந்துவிடும்.

எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடே என்கோடிங், குறியேற்றம். யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்டது. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில், வெளிநாட்டுத் தமிழர்களிடமும் இலங்கையிலும் வேரூன்றிய பாமினி என்று பட்டியல் நீளும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டத்தில் இடம் 128, நிரம்பியிருப்பது 72. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்ற கட்சியும் உண்டு. அதன் விளைவுதான் டேஸ்16. தமிழக அரசு 2010-இல் யூனிகோடு, டேஸ்16 இரண்டையும் தரமாக அறிவித்தது. புழக்கத்தில் வென்றது யூனிகோடு. கைபேசியும் தேடுபொறியும் பேசுவது அந்த மொழி. வேலை தேடுகிறவர் இதில் அதிகம் குழம்ப வேண்டாம்.

ஆனால் பழையது சாகவில்லை. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. இன்னும் பல அச்சகங்களில் அதுதான் ஓடுகிறது. ஆகவே வேலைக்குப் போனால் பழைய குறியேற்றத்தை யூனிகோடாக்கும் மாற்றியைக் கையில் வைத்திருங்கள், மாற்றியபின் கண்ணால் படியுங்கள். பாமினியில் ‘கொ’ அடிப்பது பார்வை வரிசையில்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் உச்சரிப்பு வரிசை: முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. மாற்றி இந்த இடமாற்றத்தைச் செய்ய வேண்டும். வரி முறியும் இடத்திலோ எழுத்துப்பிழை இருக்கும் இடத்திலோ அது தடுமாறும். துணைக்காலும் ர-வும் ஒன்றுக்கொன்று ஆள்மாறாட்டம் செய்துவிடும்.

ஆள்மாறாட்டத்தில் மன்னன் ஔகாரம். ‘கௌரி’ என்பதை க-வும் ஔகாரக் குறியும் சேர்த்து அடிக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, ள என்றும் அடிக்கலாம். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருமுறை ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்குப் பெயர்ப்பட்டியல் கோத்தேன். அகர வரிசையைக் கணினியிடமே விட்டேன். கௌரிகளில் பாதிப் பேர் கெ வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். ப்ரூஃப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. அச்சாகி வந்தபின் ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, என் பேரை ஏன் எடுத்துட்டீங்க?” அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ‘ஒள’ என்று தேடி அதை ஔ ஆக்குவேன்; பிறகு கெள, மெள, செள. இரண்டு நிமிட வேலை. ‘கெளுத்தி’ போன்ற நியாயமான சொற்களும் தேடலில் வரும் என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

கொம்பை முன்னால் நிறுத்துவது யார்?

யூனிகோடில் கொம்பு க-வுக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது என்றோம். திரையில் முன்னால் வருகிறதே, அதைச் செய்வது யார்? ஷேப்பிங் என்ஜின். எண்களின் வரிசையை வாங்கி, எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து, எந்தப் படம், எங்கே, எந்த வரிசையில் என்று தீர்மானிக்கும் மென்பொருள் அது. விண்டோஸில் நெடுங்காலம் யூனிஸ்கிரைப் அந்த வேலையைச் செய்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஹார்ஃப்பஸ். இரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் வளர்த்த இலவசப் படைப்பு.

ஆகவே கொம்பு தனியாக நிற்கிறது, கு என்று வராமல் க-வும் உகரக் குறியும் தனித்தனியாக நிற்கின்றன என்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். முதல் சந்தேகம் மென்பொருளின் மேல் விழட்டும். இன்டிசைனில் பத்தியின் கம்போசரை வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்றினால் தீரும். போட்டோஷாப்பின் பல பதிப்புகளில் எழுத்து அமைப்புகளில் வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்ற தேர்வு இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் தேர்வுகளை இயக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாலே எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

க-வும் உகரமும் சேர்ந்து ஒரே படம் ஆவது லிகேச்சர், கூட்டுவடிவம். எழுத்துருவுக்குள் இருக்கும் மாற்று விதிகளுக்கு ஓப்பன்டைப் ஃபீச்சர் என்று பெயர். பழைய பதிப்புகளை அப்படியே மறு அச்சு செய்பவர்களுக்கு இது பெரும் வரம். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, ணா, றா போன்ற வடிவங்களை, எண் மாறாமல் படத்தை மட்டும் மாற்றிக் காட்டலாம். யானைத் துதிக்கை வைத்த லை தாளில் வரும். தேடினால் சாதாரண லை-யாகவே அகப்படும். எல்லா எழுத்துருவிலும் இந்த வசதி இருக்காது, வாங்கும் முன் கேளுங்கள்.

புள்ளி போனால் பொருள் போகும்

அளவுகளுக்கு வருவோம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். 12 பாயின்ட் எழுத்துரு என்றால் எந்த எழுத்தும் 12 பாயின்ட் உயரம் இருக்கும் என்று பொருளில்லை. ஈய எழுத்துக் காலத்தில் எழுத்தைத் தாங்கிய கட்டையின் உயரம் அது. இன்று கட்டை இல்லை, எம் என்ற கற்பனைச் சதுரம் இருக்கிறது. அதை 1000 அல்லது 2048 கூறுகளாகப் பிரித்து வடிவமைப்பாளர் வரைகிறார். சதுரத்துக்குள் எவ்வளவு பெரிதாக வரைவது என்பது அவர் விருப்பம். அதனால்தான் ஒரே 12 பாயின்டில் ஓர் எழுத்துரு குண்டாகவும் இன்னொன்று ஒட்டியும் தெரிகிறது. ‘பத்துப் பாயின்டில் போடுங்கள்’ என்று எழுத்துருவின் பெயரைச் சொல்லாமல் கேட்கும் வாடிக்கையாளரிடம் மாதிரிப் பக்கம் காட்டிக் கையெழுத்து வாங்குவது நல்லது.

லீடிங் என்ற சொல்லும் ஈயத்திலிருந்து வந்ததே. வரிகளுக்கு நடுவே சொருகிய ஈயத் தகடு. ஆங்கிலத்துக்கு வைத்த லீடிங் தமிழுக்குப் போதாது. நம் எழுத்தில் மேலே புள்ளியும் ஈகாரச் சுழியும், கீழே ஞ, ழ, ஊகார வால்களும் உண்டு. ழூ-வின் கீழே நீ வந்தால் இரண்டும் மோதும். செயலி வடிவமைப்பவர்களுக்கு இதுதான் நான்காவது புகார். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழை ஊற்றினால் மேல் விளிம்பு வெட்டும், புள்ளி போகும், ‘பத்து’ என்பது ‘பதது’ ஆகும். அகலத்திலும் இடிக்கும். ஆங்கிலத்தில் இரண்டெழுத்து ஓகே, தமிழில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பந்தல் போடும். லோக்கலைசேஷன் சோதனையாளர் என்ற வேலையில் பாதி நேரம் இந்த விளிம்புகளைப் பார்ப்பதுதான். உயரத்தைப் பொத்தானிடம் கேட்காமல் எழுத்துருவிடம் கேளுங்கள். அதன் அசென்டர், டிசென்டர் அளவுகள், அதாவது மேலெல்லையும் கீழெல்லையும், கோப்பிலேயே இருக்கின்றன.

கெர்னிங் என்பது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடத்தைச் சரிசெய்வது. ட்ராக்கிங் என்பது வரி முழுவதும் எல்லா எழுத்துக்கும் சமமாக இடம் கூட்டுவதும் குறைப்பதும். தமிழில் ட்ராக்கிங் பக்கமே போகாதீர்கள். பல மென்பொருள்களில் கா-வின் கால் விலகி நடக்கத் தொடங்கும், கொம்பு பக்கத்து எழுத்தோடு ஒட்டும். பத்தியை இரு ஓரமும் ஒட்ட அமைக்கும்போது இன்டிசைனின் எழுத்திடைவெளியைச் சுழியத்திலேயே விடுங்கள். சொல்லிடைவெளி மட்டும் நீளட்டும் சுருங்கட்டும். ஒடுங்கிய பத்தியில் நம் நீளச் சொற்கள் பொத்தல் விடும். அங்கே இடப்பக்கம் மட்டும் ஒட்டி அமைப்பதே மரியாதை.

குடும்பமும் சீட்டும்

டைப்ஃபேஸ் என்றால் வடிவமைப்பு, ஃபாண்ட் என்றால் கோப்பு. பேச்சில் எல்லோரும் குழப்புகிறார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போவது வேறிடத்தில். ஒரு குடும்பத்தில் மெலிவு, நடுத்தரம், தடிப்பு என்று எடை வேறுபாடுகள் இருக்கும். ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரனில் 9 எடைகள். எல்லாக் குடும்பமும் அப்படியில்லை. தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவில் போல்டு பொத்தானை அழுத்தினால் கணினி தானே கோட்டைத் தடிக்க வைக்கும். மூன்று சுழி ண-வின் உள்வெளிகள் அடைந்து மைக்கட்டி ஆகிவிடும். சாய்வும் அப்படியே, தமிழில் சாய்வெழுத்துக்கு மரபு கிடையாது, நூல் பெயருக்கு மேற்கோள்குறி போதும். தலைப்பு இடத்தில் அடங்கவில்லை என்று எழுத்தை 80 சதவீதமாக நெரிப்பது நம் பத்திரிகைகளின் பழைய பாவம். நெரித்தால் நிற்கும் கோடு மெலியும், படுத்த கோடு தடித்தபடியே இருக்கும். அதற்கென்றே ஒடுக்கமாக வரைந்த வடிவத்தைத் தேடுங்கள். 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்த வேரியபிள் ஃபாண்ட் முறையில், எடையையும் அகலத்தையும் ஒரே கோப்பில் வேண்டிய மட்டும் நகர்த்தலாம். ஏக் டைப் வெளியிட்ட அனேக் தமிழில் இரண்டும் கிடைக்கும்.

கோப்பு வகைகளை வேகமாகத் தாண்டுவோம். டிடிஎஃப், ஓடிஎஃப் இரண்டும் கணினிக்கு, வோஃப்2 இணையத்துக்கு. பழைய டைப் 1 கோப்புகளுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட எழுத்துருவில் செய்த பழைய வேலைகள் இருந்தால் புது மென்பொருளுக்கு மாறும் முன் பிடிஎஃப் எடுத்து வையுங்கள்.

அச்சகத்தில் ‘கர்வ் பண்ணி அனுப்பு’ என்பார்கள். எழுத்தையெல்லாம் வெறும் கோட்டுப் படமாக ஆக்குவது. எழுத்துரு இல்லாத கணினியிலும் உடையாது. உடையாதது மட்டுமல்ல, திருத்தவும் முடியாது. மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போனது இரவு பத்து மணிக்குத் தெரிந்தால் மூலக் கோப்புதான் காப்பாற்றும். கர்வ் பண்ணியதை வேறு பெயரில் சேமியுங்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவை உட்பொதித்து அனுப்ப ஒப்புக்கொள்ளும் அச்சகம் கிடைத்தால் விடாதீர்கள்.

உரிமச் சீட்டை யாரும் படிப்பதில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும்வரை. கணினியில் பயன்படுத்த, இணையதளத்தில் ஏற்ற, செயலிக்குள் வைக்க என்று விலைக்கு வாங்கும் எழுத்துருக்களுக்குத் தனித்தனி உரிமம் இருப்பது வழக்கம். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமம் உள்ளவற்றை வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்கக் கூடாது, பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் மாற்றிய பதிப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. முகப்புச் சின்னம் செய்யும் முன் உரிமச் சீட்டைப் படித்துவிடுங்கள்.

வரைய ஆசைப்பட்டால்

எழுத்துருவை உருவாக்கும் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. உயிர் 12, ஆய்தம், மெய்யடிகள் 18, புள்ளி வைத்தவை 18, உகர ஊகார வடிவங்கள் 36, இகர ஈகாரங்களை ஒட்டியே வரைந்தால் இன்னொரு 36. 121 ஆகிவிட்டது, கொம்பு, கால், கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் பாக்கி. அனைத்தையும் ஒரே மூச்சில் வரைய உட்காராதீர்கள். ப, ட இரண்டிலும் நேர்க்கோட்டின் தடிமனை முடிவு செய்யுங்கள். ற, ண-வில் வளைவையும் சுழியையும். இந்த நான்கும் அடுத்தடுத்து நின்று ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும்வரை ஐந்தாவதைத் தொட வேண்டாம்.

வரைவது பெசியே வளைவுகளால். ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர் பியர் பெசியே கார் உடலை வளைக்கப் பயன்படுத்திய கணிதம் அது. வளைவின் உச்சிகளில் மட்டும் புள்ளி வையுங்கள். புள்ளி கூடக்கூட வளைவு நொண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், தொழில்முறையாளர்கள் பலர் வைத்திருப்பது கிளிஃப்ஸ், அது ஆப்பிள் கணினியில் மட்டும் ஓடும். வரையப் பிடிக்காமல் விதி எழுதப் பிடித்தவருக்கு ஃபாண்ட் எஞ்சினியர் என்ற வேலை இருக்கிறது. ஆள் பஞ்சமும் இருக்கிறது. பைத்தான் கற்றுக்கொண்டால் ஃபான்ட்டூல்ஸ் நூலகம் கைகொடுக்கும். அதைத் தொடங்கிய ஜஸ்ட் வான் ராசம், பைத்தானை உருவாக்கிய கைடோவின் தம்பி. ஜஸ்ட் தாமே ஓர் எழுத்துரு வடிவமைப்பாளர். முறையாகப் படிக்க ஐஐடி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி இருக்கிறது, டைப்போகிராஃபி டே கருத்தரங்கை நடத்துவதும் அவர்களே. கடல் கடக்க முடிந்தால் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம்.

வேலை கேட்டுப் போகும்போது பத்து அழகான சுவரொட்டிகளோடு, உடைந்த ஒரு பக்கத்தையும் அதை நீங்கள் சரிசெய்த பக்கத்தையும் அருகருகே வையுங்கள். என் மேசையில் ஒரு சோதனைத் தாள் இருக்கிறது: கொக்கு, ஔவை, லௌகீகம், ஸ்ரீ, ழூ-வுக்குக் கீழே நீ, மூன்று சுழி ண நிறைந்த ஒரு வரி, கடைசியில் ₹ 247. புது எழுத்துரு எது வந்தாலும் முதலில் இதை 9 பாயின்டில் அச்சிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். போன வாரம் வந்த ஒன்றில் எல்லாம் சரி, ஸ்ரீ மட்டும் ஸ், ரீ என்று பிரிந்து நின்றது. கல்யாணப் பத்திரிகை வேலை அது. வேறு எழுத்துரு எடுத்துவிட்டேன்.